எதிரே வருபவருக்கும் கண் தெரிய வேண்டும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அக்காள் மகள் கல்யாணத்துக்கும், குலதெய்வம் கோவிலுக்கும் என்று நம் குடும்பங்கள் வருடத்தில் நாலைந்து தடவையாவது ஊர்ப்பக்கம் போய் வருகின்றன. முன்பெல்லாம் ரயில் அல்லது பஸ். இப்போது பல வீடுகளில் கார் வந்துவிட்டது. ஆபீஸ் முடிந்து வந்து, குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, டிக்கியில் பெட்டிகளை அடுக்கி, இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் விடியற்காலையில் ஊர் என்று கணக்குப் போடுகிறோம். வெயில் இல்லை, நெரிசல் குறைவு, பிள்ளைகள் தூங்கிவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த இரவுப் பயணத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்குதான் அது. அவருக்கு நம் விளக்கும் அதே ஆபத்துதான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது சித்தூர், இப்போது இருப்பது திருப்பதி. வெளிச்சம், தூரம், வேகம் ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவது என் தொழிலோடு வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில் சில விஷயங்களை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று மாநில வண்டிகள் சந்திக்கும் சாலை

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. காணிப்பாக்கம் பிள்ளையாரை வணங்கிவிட்டுப் பூதலப்பட்டு வழியாக, பாகாலா பக்கத்தை ஒட்டி, சந்திரகிரி தாண்டித் திருப்பதிக்கு வருவோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் தமிழ்நாட்டு வண்டிகளும், பெங்களூரிலிருந்து முல்பாகல், பலமநேர் வழியாக வரும் கர்நாடக வண்டிகளும், உள்ளூர் ஆந்திர வண்டிகளும் இங்கே ஒன்று சேருகின்றன. ஓட்டுபவர்கள் பேசுவது தமிழ், கன்னடம், தெலுங்கு. இரவில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள இவர்களுக்கு இருப்பது விளக்கு ஒன்றுதான்.

இந்தச் சாலையில் வண்டிகள் மட்டும் போவதில்லை. புரட்டாசி மாதம் வந்தால் மஞ்சள் உடுத்திக் கால்நடையாகத் திருமலைக்குப் போகும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். பகல் வெயிலுக்குப் பயந்து இவர்களில் பலரும் இரவில்தான் நடக்கிறார்கள். தலையில் மூட்டை, கையில் கோல், சிலர் தோளில் குழந்தை. செருப்பில்லாத காலுக்கு ஓரத்து ஜல்லி குத்துமே என்று தார் ஓரத்தில் ஏறி நடப்பவர்களும் உண்டு.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தச் சாலை அகலப்படுத்தப்படுவதற்கு முன், நடுவில் தடுப்பு இல்லாமல் இருந்த காலம். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் சித்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து திரும்பினோம். என் மருமகன் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில். பாகாலா தாண்டியதும் எதிரே ஒரு பெரிய வண்டி முழு வெளிச்சத்தோடு வந்தது. எங்கள் பக்கம் இரண்டு முறை டிம் அடித்துக் காட்டியும் அது குறைக்கவில்லை.

"மாமா, ரோடே தெரியலை" என்றார் அவர்.

"வேகத்தைக் குறைச்சிடுங்க மாப்பிள்ளை, நின்னாலும் பரவாயில்லை" என்றேன். அவர் அதற்குள் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டது. எதிர் வண்டி கடந்து போய், கண்ணுக்குப் பார்வை திரும்பியபோது, எங்களுக்கு முன்னால் இருபது மீட்டர் தூரத்தில், தார் ஓரத்தில், நாங்கள் போகும் திசையிலேயே ஏழெட்டுப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் போனவர் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்கள் விளக்கின் வெளிச்சத்துக்குள்ளேயேதான் நடந்தார்கள். ஆனாலும் எங்கள் இருவர் கண்ணுக்கும் அவர்கள் தெரியவில்லை. எதிரே வந்த ஓட்டுநருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. அவர் பாட்டுக்குச் சித்தூர் போய்ச் சேர்ந்திருப்பார்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

வெளிச்சத்தில் இருக்கும் ஆளே தெரியாமல் போவது எப்படி? அதிக வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும்போது அதில் ஒரு பகுதி கண்ணின் லென்சில் சிதறி, விழித்திரை முழுவதும் பனிமூட்டம் போலப் பரவுகிறது. அந்த மூட்டத்தைவிட மங்கலாக இருக்கும் எதுவும் நமக்குத் தெரியாது. நடந்து போகிறவரின் முதுகில் நம் விளக்கு விழுந்தாலும், எதிர் விளக்கின் மூட்டம் அதை மறைத்துவிடும். இரண்டு விளக்குகளுக்கு இடையில் அகப்பட்ட மனிதர் மறைந்தே போவது இதனால்தான்.

அடுத்தது, இருட்டுக்குப் பழகுவது. இருட்டில் பார்க்க உதவும் ஒரு நிறமி விழித்திரையில் இருக்கிறது. பளீரென்ற வெளிச்சம் பட்டால் அது கரைந்துவிடும்; மறுபடி முழுதாக ஊற இருபது முப்பது நிமிடம் ஆகும். சுமாராகப் பார்வை திரும்பவே சில விநாடிகள் வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஐந்து விநாடி கண் தெரியவில்லை என்றால் 83 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

வயது ஏற ஏற இது இன்னும் மோசம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குச் சேருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சிறுத்துவிடுகிறது, லென்ஸ் மங்குகிறது. கண்புரை ஆரம்பித்தவருக்கு ஒவ்வொரு விளக்கும் ஒரு சூரியன். ஆகையால் "எனக்கு ஒன்றும் கூசவில்லையே" என்று இளைஞர் ஒருவர் சொன்னால் அது அவருடைய கண்ணுக்கு மட்டும் பொருந்தும். எதிரே ஓட்டி வருபவர் என் வயதுக்காரராக இருக்கலாம்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு நாளின் நேரங்களைப் பிரித்துப் பார்த்தால் மாலை 6 மணி முதல் 9 மணி வரைதான் விபத்துகள் மிக அதிகம். இவற்றுக்கெல்லாம் விளக்கு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இருட்டும் நேரத்தில் சாலையில் நடப்பவர்களின் உயிர் எவ்வளவு மலிவாக இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ரயிலில் என்ன செய்கிறோம்?

எங்கள் பிரிவுப் பொறியாளர்கள் இன்ஜினில் ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் நின்று, பாதை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது உத்தியோகக் கடமை. ரேணிகுண்டா–கூடூர் போன்ற இரட்டைப் பாதையில் இரவில் அப்படிப் போகும்போது, எதிர்ப் பாதையில் ஒரு ரயில் வருவது தெரிந்தால் ஓட்டுநரின் கை தானாக விளக்கு சுவிட்சுக்குப் போகும். வெளிச்சம் மங்கும், எதிர் வண்டியின் வெளிச்சமும் மங்கும். இரண்டும் கடந்ததும் மறுபடி முழு வெளிச்சம். இது வெறும் மரியாதை அல்ல, விதி. எதிரே ரயில் வரும்போதும், நிலையத்தில் வண்டி நிற்கும்போதும் இன்ஜினின் தலை விளக்கை மங்கலாக்க வேண்டும் அல்லது அணைக்க வேண்டும் என்று இந்திய ரயில்வேயின் பொது விதிகள் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரயில்கள் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடுகின்றன. எதிர் ஓட்டுநருக்குக் கண் கூசினாலும் அவருடைய வண்டி நம் பாதைக்குள் வந்துவிடாது. அவருக்கு வழிகாட்ட சிக்னல் இருக்கிறது. அப்படி இருந்தும் அந்தச் சிக்னலை அவர் தெளிவாகப் பார்க்க வேண்டும், பாதையில் நடக்கும் ரோந்து ஊழியருக்குக் கண் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்கைக் குறைக்கிறோம்.

சாலையில் தண்டவாளம் கிடையாது. ஊருக்கு வெளியே சிக்னலும் கிடையாது. எதிர் வண்டிக்கும் நமக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடுதான். நம் விளக்கால் ஒருவருக்குக் கண் தெரியாமல் போனால், கண் தெரியாத அந்த ஓட்டுநர் 80 கி.மீ. வேகத்தில் வருவது நம்மை நோக்கித்தான். விளக்கைக் குறைப்பதை ஏதோ பிறருக்குச் செய்யும் தருமம் போலப் பேசுகிறோம். எதிரே வருபவரின் பார்வைதான் நம் குடும்பத்துக்கும் பாதுகாப்பு என்று நினைத்தால் யாரும் சொல்லாமலே கை சுவிட்சுக்குப் போகும்.

அம்பாசடர் முதல் எல்.இ.டி. வரை

பழைய அம்பாசடர் காரில் கிளட்ச் பெடலுக்கு அருகே தரையில் ஒரு குமிழ் இருக்கும். இடது காலால் மிதித்தால் டிம், மறுபடி மிதித்தால் பிரைட். லாரிகளின் முதுகில் 'யூஸ் டிப்பர் அட் நைட்' என்று எழுதியிருப்பதைப் படித்தே வளர்ந்த தலைமுறை நாம். முகப்பு விளக்கின் மேல்பாதியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பதும், நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பதும் அந்தக் காலத்து வழக்கம். பொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, ஒளி போகும் திசையை மாற்றாது. டிம் சுவிட்சுக்கு அது ஈடாகாது.

பல வண்டிகளில் இன்றும் இருக்கும் எச்-4 ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கும். அது ஒளியைப் பிரதிபலிப்பானின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்பும். அங்கிருந்து ஒளி கீழ் நோக்கிச் சாலையில் விழும். ஆக வாட் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிம் என்பது ஒளியைச் சாலைக்கு இறக்குவதுதான்.

இந்தச் சூட்சுமம் தெரியாமல்தான், ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்குக்குள் கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பை மாட்டிக்கொள்கிறார்கள். ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் பிரதிபலிப்பானின் கணக்குத் தப்பிவிடும். டிம்மில் போட்டாலும் ஒளி மேலே சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வண்டியோடு கம்பெனியே கொடுத்த எல்.இ.டி. விளக்கு வேறு, அதற்கென்றே அமைப்பும் லென்சும் உண்டு.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி இதைப் பற்றியதுதான். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது; ஒளி அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கண் யாருடையது? எதிரே வரும் ஓட்டுநருடையது, சாலையில் நிற்கும் மனிதருடையது.

மலைப்பாதை சொல்லும் பாடம்

திருமலைக்குப் போகும் மலைப்பாதைகள் இரண்டு. 1944-இல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. ஏறுபவரும் இறங்குபவரும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை என்பதால் எதிர் விளக்குத் தொல்லை கிடையாது. ஆனால் பின்னால் வருபவர் பிரைட்டில் வந்தால், முன்னால் போகிறவருக்குக் கண்ணாடி வழியாக அது கண்ணில் அடிக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரு கணம் கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் முன்னால் வண்டி போனாலும் டிம்தான்.

நெடுஞ்சாலைகளின் நடுத் தடுப்பில் அரளியும் காகிதப்பூச் செடியும் வளர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பதும் அவற்றின் வேலை. ஆனால் செடி பட்டுப்போன இடங்களிலும், வண்டி திரும்ப விட்ட இடைவெளிகளிலும் வெளிச்சம் திடீரென்று கண்ணைக் குத்தும். நடுவில் தடுப்பு இருக்கிறதே என்று பிரைட்டிலேயே போவது சரியல்ல. லாரி, பஸ் ஓட்டுநர்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் செடிக்கு மேலேயும் அவர்களுக்கு வெளிச்சம் படும்.

ஊருக்குக் கிளம்புமுன்

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பணச் செலவு அதிகம் இல்லை.

முதலாவது, டிக்கி பாரம். அரிசி மூட்டை, துணிப் பெட்டி, பின் சீட்டில் மூன்று பேர் என்று ஏற்றினால் காரின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கும். இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரில் பின்பக்கம் நாலரை சென்டிமீட்டர் அமுங்கினாலே விளக்கு ஒரு டிகிரி மேலே போய்விடும். சரியாக வைத்த டிம் ஒளி, 10 மீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வீதம் கீழே இறங்கும். ஒரு டிகிரி தூக்கினால் அது இறங்குவதற்குப் பதில் ஏற ஆரம்பித்து, எழுபது மீட்டர் தூரத்தில் எதிர்க் கார் ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். நாம் டிம்மில் போகிறோம் என்று நிம்மதியாக இருப்போம். அவருக்கு அது பிரைட். இதற்காகவே பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் ஒளி இறங்கும். கார் புத்தகத்தில் எந்தப் பாரத்துக்கு எந்த எண் என்று போட்டிருக்கும்.

இரண்டாவது, மீட்டர் பக்கத்தில் எரியும் நீல விளக்கு. நீலம் எரிந்தால் பிரைட் ஓடுகிறது என்று அர்த்தம். 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய இரு சக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அது பிரைட்டில் இருப்பது தெரியாமலே ஊருக்குள் ஓட்டும் பிள்ளைகள் ஏராளம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நீல விளக்கைக் காட்டிக் கொடுங்கள்.

மூன்றாவது, முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். உள்ளே படியும் மெல்லிய அழுக்கு எதிர் விளக்கைப் பரப்பிக் காட்டும். நடுக் கண்ணாடிக்கு அடியில் உள்ள சின்ன நெம்பை இழுத்தால் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் மங்கும். 'இரவுக் கண்ணாடி' என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை நம்ப வேண்டாம். 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், எதிர் விளக்கு அடிக்கும்போது நடந்து போகிறவரைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை என்று தெரிந்தது.

நாலாவது, வேகம். டிம்மில் போட்டால் தூரம் தெரியவில்லை என்பார்கள். உண்மைதான். அதற்கு மருந்து ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் ஆபத்தைப் பார்த்து பிரேக் போட்டு நிற்க 45 மீட்டராவது வேண்டும். 80-இல் சுமார் 70 மீட்டர். டிம் வெளிச்சம் காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் போனால் பயமில்லை. கண் கூசும்போது எதிர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். வேகத்தைக் குறையுங்கள்.

வெளிநாட்டில் கார் ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் விளக்கைச் சிமிட்டினால் 'நான் வருகிறேன், வழி விடு' என்று பொருள். இங்கிலாந்தில் பல ஓட்டுநர்கள் 'நீங்கள் போங்கள்' என்பதற்குச் சிமிட்டுகிறார்கள். விடுமுறைக்கு வந்து ஊரில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

யார் முதலில் குறைப்பது?

எதிரே வருபவரை மட்டும் தவிர்த்து மற்ற இடத்துக்கெல்லாம் ஒளி கொடுக்கும் விளக்குகள் இப்போது உயர்ந்த விலைக் கார்களில் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2022-இல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். நம் சாலைகளில் ஓடும் எல்லா லாரிக்கும் பைக்குக்கும் அது வந்து சேர நெடுநாள் ஆகும். அதுவரை நம் கைதான் அந்த இயந்திரம்.

இந்த விஷயத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அவன் குறைக்கலை சார், நான் மட்டும் ஏன் குறைக்கணும்?" நம் இளைஞர்கள் கோபத்தில் பதிலுக்குப் பிரைட்டை அடிப்பதும் உண்டு. கணக்குப் பார்ப்போம். ஒருவருக்குக் கண் தெரியாத சாலையில் ஒரு குருடர். பதிலுக்கு அடித்த பிறகு இரண்டு குருடர்கள். இரண்டு வண்டிகளும் 80-இல் வந்தால் 200 மீட்டர் இடைவெளி நாலரை விநாடியில் தீர்ந்துவிடும். அந்த நாலரை விநாடிக்குள் அவருக்குப் பாடம் கற்பித்து முடிக்க முடியாது.

ரயிலில் யார் முதலில் குறைப்பது என்ற பேச்சே இல்லை. எதிர் விளக்கு தெரிந்ததும் இரண்டு பேரும் குறைக்கிறார்கள். சாலையில் அந்தப் பழக்கம் வரும் வரை, முதலில் குறைப்பவர் நாமாக இருப்போம். பெரும்பாலும் அடுத்த விநாடியே எதிர் விளக்கும் இறங்குவதைப் பார்க்கலாம். இறங்காவிட்டால் நஷ்டம் இல்லை. அவருக்காவது கண் தெரிகிறது, அவர் நம் மீது வந்து மோத மாட்டார். நடுவில் நடந்து போகிற மஞ்சள் துணிக்காரரும் ஒருவர் கண்ணுக்காவது தெரிவார்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைப் பூட்டினோமா, கேஸை அணைத்தோமா என்று பார்ப்பதோடு, அந்தச் சின்னச் சக்கரத்தையும் நீல விளக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டுபவர் மறந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் "டிம் போடுங்க" என்று நினைவுபடுத்தட்டும். நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். எல்லோரும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்து, நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொள்கிறேன்.